இடுப்புத் துப்பாக்கி

தலையைச் சிதறடிப்பதா, சட்டென்று கையில் எடுப்பதா என்பதில்தான் அன்றைக்கு இருவருக்கும் சண்டை. டிவியில், வீடியோ கேமில், இடுப்பில் செருகுவதற்கான மூன்று கைத்துப்பாக்கிகள் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தன. முதலாவது நீளக் குழல், ஆறு குண்டு. ஒன்று பட்டாலே எதிரியின் தலை கழுத்தில் நிற்காது. அதற்கு அவர்கள் யானை என்று பெயர் வைத்திருந்தார்கள். நடுவில் இருந்தது ஊசி. சத்தமே வராது, ஆனால் ஒருவனைச் சாய்க்க நாலைந்து தடவை சுட வேண்டும். கடைசியில் தவளை. குட்டையாக, அவலட்சணமாக, பார்க்கவே மதிப்பில்லாமல் இருந்தது. என் தம்பி அதைத்தான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

“யானைய எடு மாப்ள,” என்றார் என் வீட்டுக்காரர். “ஒரே அடி. மண்டை தெறிக்கும்.”

“அத எடுத்துக் குறி பாக்கறதுக்குள்ள நம்ம மண்டை தெறிச்சிருக்கும் மாமா. தோள்ல மாட்டியிருக்கற பெரிய துப்பாக்கி கொல்றதுக்கு. இடுப்புல இருக்கறது சாகாம இருக்கறதுக்கு. ரெண்டும் வேற வேலை.”

கடைசியில் தவளைதான் ஜெயித்தது. நான் கோழிக்கடையில் வெட்டுமேசையில் நிற்கிறவள். காலையிலிருந்து என் கையில் கத்தி, வீட்டுக்கு வந்தால் இவர்கள் கையில் துப்பாக்கி. ரத்தம் பார்க்காத நாள் எங்கள் வீட்டில் கிடையாது. அந்த விளையாட்டில் ஓர் இடிந்த நகரம். அதில் நாமே ஓர் ஆளை உருவாக்கி, அவனுக்கு உடம்பில் பலம் வேண்டுமா, கையில் வேகம் வேண்டுமா என்று பார்த்துப் பார்த்து ஏற்றி வளர்க்க வேண்டும். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படி வளர்ப்பதில்லை. தம்பியின் ஆள் தொந்தியும் தாடியுமாக ஒரு கிழவன். என் வீட்டுக்காரருடையது சிவப்புக் கூந்தல் வைத்த ஒரு நெட்டைப் பெண். ஏன் இந்த வேஷம் என்று கேட்டால், “முதுகையே பாத்துட்டு ஆட வேண்டியிருக்கு. ஆம்பள முதுக எவ்வளவு நேரம் பாக்கறது?” என்பார். டிவி இரண்டாகப் பிளந்து, இடப்பக்கம் கிழவனும் வலப்பக்கம் அந்தச் சிங்காரியும் சேர்ந்தே கொன்றுகொண்டு போவார்கள்.

அவர்களுக்குள் ஒரு முறை இருந்தது. கதையே அதில்தான் இருக்கிறது என்பதால் சொல்கிறேன். சுடுகிறவன் தன் குண்டுகளை எண்ண மாட்டான். அவன் கண் எதிரியின் மேல்தான் இருக்கும். பெரிய துப்பாக்கி காலியான பிறகும் விசையை அழுத்திக்கொண்டே நின்று சாவான். அதனால் ஒருவன் குண்டை மற்றவன் எண்ணுவான். தீர்ந்ததும் கத்துவான்: “மாத்து.” கேட்டவன் யோசிக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. கட்டைவிரல் பட்டனில் விழ வேண்டும். திரையில் அவன் ஆளின் கை பெரிய துப்பாக்கியை விட்டுவிட்டு இடுப்புக்குப் போகும். இந்த முறையை வைத்துக்கொண்டு அவர்கள் எத்தனையோ பேரைக் குடலும் குந்தாணியுமாகச் சாய்த்திருக்கிறார்கள்.

விளையாட்டு விளையாட்டோடு நிற்கவில்லை. இருவருக்கும் வேலையும் ஒரே வண்டியில். ஏ.டி.எம். இயந்திரங்களுக்குப் பணப்பெட்டி கொண்டுபோகிற வண்டிக்கு என் வீட்டுக்காரர் டிரைவர், தம்பி கன்மேன். போகிற வழியில் இவர் சும்மா “மாத்து” என்பார். அவன் இடுப்பில் தட்டி விரலை நீட்டிச் சுடுவான். வீட்டிலும் அப்படித்தான். ஒருநாள் நான் “அந்த அழுக்குச் சட்டைய மாத்துடா” என்றதற்கு, சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் எச்சில் கையால் இடுப்பில் தட்டி என்னைச் சுட்டான். சட்டை இன்னும் அழுக்கானதுதான் மிச்சம்.

நிஜத்தில் அவன் இடுப்பில் ஒன்றும் கிடையாது. கம்பெனி கொடுத்தது ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. இரண்டு குண்டு, அவ்வளவுதான். இடுப்புக்குச் சின்னதாக ஒன்று கொடுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டிருக்கிறான். “சண்டைக்கா போற? பாக்க பயமா நின்னா போதும்பா,” என்றாராம்.

நடந்ததைப் பெட்டி தூக்குகிற இருவரும் என் வீட்டுக்காரரும் தனித்தனியாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மூன்றையும் சேர்த்து மனதுக்குள் அத்தனை தடவை ஓட்டியிருப்பதால் இப்போது நானே பார்த்ததுபோல இருக்கிறது. மருந்துக்கடைக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. தம்பி முதலில் இறங்கி வண்டிக்கு முதுகைக் கொடுத்து நின்றான். பெட்டிக்காரர்கள் இறங்கி இரண்டடி வைப்பதற்குள் இரண்டு பைக்கில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் இரும்புக் கம்பியால் மூத்த பெட்டிக்காரரின் மண்டையில் போட்டான். பானை உடைகிற சத்தம் கேட்டதாம். மனிதர் பெட்டியின் மேலேயே விழுந்தார், வாயிலிருந்து பல் சிதறியது. இளையவர் மருந்துக்கடைக்குள் ஓடிப் புகுந்துகொண்டார். தம்பி சட்டப்படி முதல் குண்டை வானத்தைப் பார்த்துச் சுட்டான். அவர்களுக்கு அந்தச் சட்டம் தெரியவில்லை. கம்பிக்காரன் அவனை நோக்கித் திரும்பினான். இரண்டாவது குண்டு அவன் முட்டிக்குக் கீழே பட்டது. கால் ஒரு பக்கமும் பாதம் ஒரு பக்கமுமாகத் திரும்பிக்கொண்டது. ரோட்டில் புரண்டு அலறினான்.

மீதி இரண்டு பேர். ஒருவன் அந்த அலறலைக் கேட்டதும் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். இன்னொருவன் கையில் அரிவாள். தம்பி துப்பாக்கியை அவன் மார்புக்கு நேராக நீட்டியபடி நின்றான். அது காலி என்பது அரிவாள்காரனுக்குத் தெரியாது. தம்பிக்கும் அந்த நேரத்தில் தெரியாது, அவன் எப்போது தன் குண்டை எண்ணியிருக்கிறான்? மேனேஜர் சொன்னபடியே அந்தக் காலித் துப்பாக்கி பார்க்கப் பயமாக நின்று வேலை செய்துகொண்டிருந்தது. அரிவாள்காரன் அடிமேல் அடியாகப் பின்வாங்கி, ஒரு காலைத் தூக்கி மற்ற பைக்கின் மேல் போட்டான்.

எண்ணிக்கொண்டிருந்தவர் ஒருவர்தான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, பக்கவாட்டுக் கண்ணாடியில். ஒன்று, இரண்டு.

“மாத்து” என்று கத்தினார்.

தம்பியின் வலக்கை துப்பாக்கியை விட்டது. குழல் தரையைப் பார்த்துத் தாழ்ந்தது. கை இடுப்புக்குப் போனது. அங்கே பெல்ட்டும் ஒரு விசிலும்தான். கை இடுப்புக்குப் போவதைப் பார்த்த அரிவாள்காரன், இவன் வேறு எதையோ எடுக்கப் போகிறான், முதுகைக் காட்டினால் செத்தோம் என்று நினைத்திருக்க வேண்டும். பைக்கை விட்டுப் பாய்ந்து வெட்டினான். பெல்ட் தடுத்ததால் வயிறு பிழைத்தது. பெல்ட்டின் மேல் இருந்த நான்கு விரல்களில் இரண்டு ரோட்டில் விழுந்தன, இரண்டு தோலில் தொங்கின. என் வீட்டுக்காரர் வண்டியைப் பின்னால் எடுத்து பைக்குக்குத் திரும்பிய அரிவாள்காரனைச் சுவரோடு வைத்து நசுக்கினார். இடுப்பெலும்பு முறிகிற சத்தம் கதவை மூடிய வண்டிக்குள்ளேயே கேட்டது என்றார்.

ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும்போது தம்பியின் கையைப் பார்த்தேன். தெரிந்தவன் மூட்டில் வெட்டுவான், ஒரே வெட்டில் போய்விடும். இது நடு எலும்பில் விழுந்து நொறுக்கிய வெட்டு. நான்கில் ஒன்றையும் ஒட்ட முடியவில்லை. கட்டைவிரல் மட்டும் மிச்சம். அரிவாள்காரனையும் அதே ஆஸ்பத்திரியில் மேல்மாடியில் போட்டிருந்தார்கள். கடைக் கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு நான் அந்த மாடிக்குப் போனேன். பொய் சொல்லவில்லை, வெட்டத்தான் போனேன். கதவுக்கு வெளியே போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். இடைவெளியில் பார்த்தால், கட்டிலோடு சேர்த்து விலங்கு மாட்டிய ஒருவன் தண்ணீர் கேட்டு முனகிக்கொண்டிருந்தான். கீழே இறங்கி வந்துவிட்டேன். இறங்கியதற்காக இன்றைக்கும் சில நாள் என் மேலேயே எனக்குக் கோபம் வரும்.

படிக்கட்டின் அடியில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். வார்டுக்குள் அவர் வரவேயில்லை. என்னை வாசலில் கொண்டுவிடுவதும் கூட்டிப்போவதுமாகவே இருந்தார்.

“நான்தான் கத்தினேன்,” என்றார். “ஓடப் போனவன் அவன். நான் வாய மூடிட்டு இருந்திருந்தா ஓடியிருப்பான்.”

ஓங்கி அறைந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. அவர் கன்னத்தைத் தடவக்கூட இல்லை.

“அவனுக்குத் தெரியுமா?”

“தெரியல. அந்தச் சத்தத்துல என் குரல் கேட்டுச்சா, இல்ல கை தன்னால போச்சான்னு தெரியல. நான் போய்ச் சொல்லிடறேன்.”

“சொல்லாதீங்க,” என்றேன். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அக்காவுக்குப் பத்துப் பொருத்தம் பார்த்துக் கட்டியிருந்தால்கூடத் தனக்கு இப்படி ஒரு மாமா கிடைத்திருக்க மாட்டார் என்று தம்பி வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான். விரல் போனது போனதுதான். இனி இவரும் போனால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? சொல்லிவிட்டால் எனக்கும் இருவரில் ஒருவர்தானே மிஞ்சுவார்? வீட்டுக்கு வந்து ஒரு ஜாய்ஸ்டிக்கை எடுத்துச் சுவரில் அடித்தேன். சனியன், ஓரத்தில் ஒரு கீறல் விழுந்ததே தவிர உடையவில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். இடுப்பில் ஒன்றும் இல்லாதபோது கை ஏன் அங்கே போனது? தம்பி கட்டிலில் சாய்ந்தபடி, “என்னமோ தெரியலைங்க. அரிப்பு எடுத்துச்சோ என்னவோ,” என்றான். அவர்கள் சிரித்தார்கள். கம்பெனியிலிருந்து பூங்கொத்தோடு வந்தார்கள். அதை வாங்க எந்தக் கையை நீட்டுவதென்று அவனுக்கு ஒரு கணம் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், ஒரே வராந்தாவில் உட்கார்ந்தார்கள். “தண்ணி வேணுமா மாப்ள?” “வேணாம் மாமா.” அதற்கு மேல் பேச்சில்லை. டிவியின் மேல் நான் ஒரு துணியைப் போட்டு மூடிவைத்தேன். என் வீட்டுக்காரர் அவன் முகத்தைப் பார்க்காமலே அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவார். அந்த நேரத்தில் தம்பி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

புண் ஆறித் தோல் இறுகிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனே துணியை எடுத்தான்.

“போடுங்க மாமா.”

“வேணாம் மாப்ள. கை...”

“கட்டைவிரல் இருக்கே. போடுங்க.”

சுடுவதற்கான பட்டன் வலது ஆள்காட்டி விரலுக்குக் கீழே. அந்த விரல் இல்லை. என் வீட்டுக்காரர் விளையாட்டின் செட்டிங்ஸுக்குள் போய்த் தேடி, சுடுவதை இடக்கைக்கு மாற்றிக் கொடுத்தார். ஆயுதம் மாற்றுகிற பட்டன் எப்போதும்போல வலது கட்டைவிரலுக்கே இருந்தது. கீறல் விழுந்த ஜாய்ஸ்டிக்கைத் தம்பி மடியில் நிறுத்தி, விரலில்லாத உள்ளங்கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டான். கிழவனின் பை திறந்தது. இடுப்புக்கான கட்டத்தில் தவளை இருந்தது. தம்பி அதை எடுத்துத் தரையில் போட்டான். யானையையோ ஊசியையோ வைக்கவில்லை. கட்டம் காலியாக நின்றது.

“ஒண்ணுமே வைக்கலையே மாப்ள?”

“இருக்கட்டும் மாமா. நீங்க எண்ணுங்க.”

நான் கையைத் துடைத்தபடி வாசலில் நின்றுவிட்டேன். அடுப்பில் எதையோ வைத்திருந்தேன், அது தீய்கிற வாசனை வந்தும் கால் நகரவில்லை. திரையில் இடிந்த கட்டடத்துக்குள்ளிருந்து கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். கிழவன் முதலில் வந்தவனின் தாடையைப் பெயர்த்தான். இரண்டாமவனின் வயிற்றைத் திறந்தான். இடக்கையால் சுட்டதில் பாதிக் குண்டு சுவருக்குப் போனது. ரத்தம் தெறித்துத் திரையின் இடப்பக்கம் முழுக்கச் சிவந்தது. சிங்காரி தன் பாதியில் சுடாமல் மரம்போல நின்றாள். என் வீட்டுக்காரர் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்திருந்தாரே தவிர, ஒரு பட்டனையும் தொடவில்லை. அவர் கண் தம்பியின் குண்டுகள் மேலேயே இருந்தது.

குண்டு தீர்ந்தது. வெறும் விசையின் சத்தம் மட்டும் டிக் டிக்கென்று கேட்டது. எதிரே வெட்டுக்கத்தியோடு ஒருவன். காலித் துப்பாக்கி அவனுக்கு நேராக நீண்டிருக்க, அவன் நெருங்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி ஒதுங்கி நடந்தான்.

என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை.

“சொல்லுங்க மாமா,” என்றான் தம்பி. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “அன்னிக்கு நல்லாத்தான கேட்டுச்சு. சொல்லுங்க.”

 அவர் கண்ணீர் மூக்கோரமாக இறங்கி வாய்க்குள் போனது. துடைக்கக் கையை எடுக்கவில்லை.

“மாத்து,” என்றார்.

தம்பியின் கட்டைவிரல் விழுந்தது. திரையில் கிழவன் பெரிய துப்பாக்கியை விட்டான். அவன் கை இடுப்புக்குப் போனது, அங்கே துழாவியது, ஒன்றுமில்லாமல் மேலே வந்தது. அந்த வெறுங்கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தபடி நின்றான். கத்தி இறங்கியது. முதல் வெட்டில் கிழவன் மண்டியிட்டான். இரண்டாவது கழுத்தில். மூன்றாவதை அவர்கள் இருவரும் கண்ணை மூடாமல் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை.

மறுபடி நான் பார்த்தபோது கிழவன் தொந்தியும் தாடியுமாக, ஆட்டம் தொடங்குகிற பழைய இடத்தில் உயிரோடு நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் யானையும் ஊசியும் தவளையும் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தன.

“இப்ப எத எடுக்கலாம்?” என்று கேட்டான் தம்பி.

என் வீட்டுக்காரர் திரையைப் பார்க்காமல் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டனுக்கு ஒரு நூல் மேலே அந்தக் கட்டைவிரல் அசையாமல் நின்றது.