நடந்து போன பஞ்சு

காட்டைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் வாயில் 'தெரியல' என்ற சொல் வரவே கூடாது என்பது அவளுடைய அக்கா புருஷன் போட்ட கட்டளை.

"எதைக் காட்டி என்னன்னு கேட்டாலும் ஒரு பேரைச் சொல்லிடணும். இருட்டுல யாரு போய் சரிபாக்கப் போறா?"

பன்னிரண்டு வருஷமாக அத்தான் அப்படித்தான் பிழைப்பை ஓட்டுகிறார். அவளுக்கோ ராத்திரியில் தனியாக ஆட்களைக் கூட்டிப்போவது இதுதான் முதல் தடவை. ஒரு புகார் வந்தால் போதும், மறுபடி டிக்கெட் ஜன்னல்தான். மூன்று வருஷம் அதற்குள் உட்கார்ந்து காட்டுக்கு வழி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவள். அங்கே திரும்பிப் போக அவள் தயாராயில்லை.

வந்தவர்கள் ஒரு பல் டாக்டர், அவர் மனைவி, பத்து வயது மகள். டாக்டர் வந்ததும் வராததுமாக, "சிறுத்தை பாக்கலாம்ல?" என்றார். ஒரு மணி நேரம் நடந்தும் இரண்டு தவளையும் ஒரு தூங்குகிற குருவியும்தான் கிடைத்தன. அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

மகள் ஒரு மரத்தில் டார்ச்சை நிறுத்தினாள். "அக்கா, இங்க பஞ்சு நடக்குது."

நிஜமாகவே நடந்தது. மிளகளவு பஞ்சு, பட்டைமேல் நாலு எட்டு வைத்தது. மூச்சுக்காற்று பட்டதும் நின்றது. நின்றால் வெறும் குப்பை.

"என்னது இது?" என்றார் டாக்டர்.

அவள் நாக்கு நுனியில் இரண்டு மூன்று பெயர்கள் வந்து நின்றன. எதைச் சொன்னாலும் நம்பியிருப்பார். ஆனால் மகள் நோட்டைத் திறந்து, எழுதப் பென்சிலோடு காத்திருந்தாள். அந்தப் பிள்ளையிடம் புளுக மனசு வரவில்லை.

"தெரியல சார். நானும் இப்பதான் பாக்கறேன்."

"இதுக்கா காசு குடுத்து வந்தோம்?" என்று முகத்தைச் சுளித்தவர், சும்மா இருக்க முடியாமல் குனிந்தார். வாய்க்குள் எட்டிப் பார்த்தே பழகிய மனுஷன், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்தார். "அடியில காலு இருக்கு. ஆறு."

"மேல இருக்கறது எறும்புத் தோலுங்க," என்றாள் மனைவி. "தின்னுட்டு மிச்சத்தை முதுகுல ஏத்திக்குதோ?"

மகள் ஒரு துளி மரத்தூளை அதன் வழியில் போட்டாள். அது தலையால் அள்ளி முதுகில் போட்டுக்கொண்டது. முக்கால் மணி நேரம் நால்வரும் அந்த மரத்தை விட்டு நகரவில்லை. சிறுத்தையே பின்னால் வந்து நின்றிருந்தாலும் யாரும் திரும்பியிருக்க மாட்டார்கள்.

திரும்பி வந்தபோது காட்டு வாசலில் அத்தான் நின்றிருந்தார். டாக்டர் நேராக அவரிடம் போகவும், புகார்தான் என்று நினைத்து அவளும் பின்னாலேயே ஓடினாள்.

"முதுகுல குப்பையை ஏத்திக்கிட்டு நடக்குதே, அந்தப் பூச்சிக்கு என்ன பேரு?" என்றார் டாக்டர்.

"அதுங்களா? பஞ்சு வண்டு," என்றார் அத்தான் பட்டென்று.

"அதுக்கு எத்தனை காலு அங்கிள்?" என்றாள் மகள்.

"எட்டு பாப்பா."

மகள் எதுவும் எழுதாமல் நோட்டை மூடினாள். டாக்டர் அத்தானை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவளைக் கைகாட்டினார்.

"நாளைக்கும் வரோம். இவங்களையே அனுப்புங்க."