பக்கத்தில் இருந்தவள்

சீட்ஸ்கே மறுபடியும் கரண்டியை நீட்டினாள். அப்பா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். கஸ்டர்ட் தாடையில் வழிந்தது. துடைத்துவிட்டாள்.

"ஒரே ஒரு வாய், அப்பா. நேத்திலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல."

அப்பா யெல்லே ஹூக்ஸ்ட்ரா அசையவில்லை. ஒரு காலத்தில் கால்பந்தில் வலது பக்கத் தடுப்பாட்டக்காரராக எதிரணிக்காரர்களின் கணுக்காலைப் பதம் பார்த்தவர். அப்புறம் கோச்சாகி, நெதர்லாந்தின் வடக்கே ஃப்ரீஸ்லாந்திலிருந்து தெற்கே பெல்ஜிய எல்லை வரை ஏழெட்டு கிளப்புகளை மேய்த்தவர். இப்போது தெருவைப் பார்த்த ஜன்னலோரம், வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டிலில், மகளிடம் வாயைத் திறக்க மறுத்துக் கிடந்தார். குளிப்பாட்டுவதும் புரட்டிப் படுக்கவைப்பதும் மாதக்கணக்கில் அவள்தான். தம்பி வீபே ராட்டர்டாமிலிருந்து ஞாயிறுதோறும் போனில் பாசம் காட்டுவான்.

வாசலில் கார் நின்றது. மார்னிக்ஸ்.

அவளுக்கு வயிறு எரிந்தது. அப்பா அவனைப் பெட்டியோடு கூட்டிவந்து வீட்டில் தங்கவைத்தபோது அவனுக்குப் பதினாறு வயது. "பெரிய ஆட்டக்காரனா வருவான், நல்லாத் தூங்கணும்" என்று அவளுடைய அறையை அவனுக்குக் கொடுத்துவிட்டு, அவளைக் கூரைக்கடியில் இருந்த பரண் அறைக்கு ஏற்றினார். அவளும்தான் ஆடினாள், மகளிர் அணியில், இடது பக்கம். அப்பா ஒரு தடவைகூட வந்து பார்த்ததில்லை. அவன் ஆட்டம் ஒன்றையும் விட்டதில்லை.

தலை நரைத்துப்போன மார்னிக்ஸ் கட்டிலோரம் உட்கார்ந்தான்.

"என்ன கோச், இடைவேளை முடிஞ்சிருச்சு. எந்திரிங்க."

அப்பா கண்ணைத் திறந்தார். "நீ இன்னும்... இடது கால்ல உதைக்கக் கத்துக்கலியேடா."

"எங்க கத்துக்குடுத்தீங்க? திட்டத்தானே செஞ்சீங்க."

அப்பா சிரித்தார். அவன் கரண்டியை எடுத்ததும் வாயைத் திறந்தார். கிண்ணத்தில் பாதி காலியாகிவிட்டது.

அதைப் பார்த்துக்கொண்டு நிற்க சீட்ஸ்கேவால் முடியவில்லை. "காபி போடறேன்" என்று சமையலறைக்குப் போனாள். கப்பை வேண்டுமென்றே நங்கென்று வைத்தாள். காபி இறங்கிய பிறகும் நகரவில்லை. ரெண்டு பேரும் கொஞ்சிக்கொண்டே இருக்கட்டும் என்று பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒன்றைத் தின்றாள். இன்னொன்றையும் தின்றாள்.

தட்டோடு திரும்பியபோது மார்னிக்ஸ் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"போயிட்டாரு, சீட்ஸ்கே. இப்பத்தான். உன்னைக் கூப்பிட வாயெடுத்தேன், அதுக்குள்ள..."

தட்டைக் கீழே வைத்தாள். அழுகைக்கு முன்னால் பொறாமைதான் வந்தது. இதையுமா நீயே எடுத்துக்கிட்ட?

அவனோடு பேசப் பிடிக்காமல் தம்பிக்குப் போன் போட்டாள்.

"வீபே, அப்பா போயிட்டார்டா."

"தனியாவா போனாரு? பக்கத்துல யாராவது இருந்தீங்களா?"

"நான் இருந்தேன். கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

மார்னிக்ஸ் நிமிர்ந்து பார்த்தான். அப்பாவின் கையை மெல்லப் போர்வைமேல் வைத்தான்.

"நல்லவேளைக்கா, நீ இருந்தே." வீபே அழுதான். "கடைசியா ஏதாவது சொன்னாராக்கா?"

அவளுக்குத் தெரியாது. போனைக் கையால் பொத்திக்கொண்டாள். கேட்டுத்தான் ஆகவேண்டும், அதுவும் இவனிடம்.

"என்ன சொன்னாரு?"

"உன்னைத்தான் கேட்டாரு," என்றான் மார்னிக்ஸ், தணிந்த குரலில். "'சீட்ஸ்கே எங்க போனா? அவளை வரச்சொல்லு'ன்னு."

"அக்கா? இருக்கியா? என்ன சொன்னாரு?"

கையை எடுத்தாள். பக்கத்திலேயே இருந்தவளை அப்பா ஏன் தேடினார் என்று வீபே கேட்பான்.

"ஒண்ணும் சொல்லலடா."

மார்னிக்ஸ் எழுந்து ஜன்னலுக்குப் போனான். எதிர்வீட்டுக்காரி சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, வழக்கம்போல இந்தப் பக்கம் பார்த்துக் கையசைத்தாள். அவன் திரைச்சீலையை இழுத்து மூடினான்.