ஒட்டுச் சிரிப்பு

1

இந்தக் கதை எனக்கு ஓர் அடைப்புக்குறிக்குள் கிடைத்தது. மேடையில் தனியாளாக நின்று சிரிக்க வைப்பவர்களைப் பற்றி ஓர் ஆவணப்படம். திரையின் அடியில் ஓடும் எழுத்துகளைத் தட்டச்சு செய்வது என் வேலை. கூட்டம் சிரிக்கும் இடத்திலெல்லாம், காது கேளாதவர்களுக்காக [சிரிப்பு] என்று போட வேண்டும். இருநூற்றுப் பதினான்கு முறை போட்டேன். எனக்கு ஒரு தடவைகூடச் சிரிப்பு வரவில்லை.

அதில் ஒன்று பொய் என்று படத்தின் எடிட்டர் அம்மா சொன்னார். அந்த அம்மாவை வைத்துத்தான் கதை. என்னைக் கழற்றி வெளியே வைத்துவிடுகிறேன்.

2

முதல் தொடக்கம்: சிரிப்பு என்பது மனித குலத்தின்

(சே. இதை நானே படிக்க மாட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து, லொள்ளு என்று எல்லோரும் கூப்பிடும் ஒருவனின் சனிக்கிழமை நிகழ்ச்சியை எடிட்டர் ஏழாவது முறையாகப் பார்த்தார். மனுஷன் உயிரைக் கொடுத்துப் பேசுகிறான். கூட்டம் அசையவில்லை. அன்றைக்கு அரங்கில் திறந்த ஒரே வாய், முன்வரிசையில் கொட்டாவி விட்டவருடையது.

இயக்குநர் கதவு வழியே தலையை மட்டும் நீட்டி, வேறு நாளிலிருந்து கொஞ்சம் சிரிப்பை எடுத்து ஒட்டிவிடச் சொன்னார். இந்தத் தொழிலில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எடிட்டர் தேடினார். வியாழக்கிழமை, வேறு சிலர் பேசிய நிகழ்ச்சியில் ஒரு சிரிப்பு அகப்பட்டது: மெதுவாகக் கிளம்பி, மூச்சுமுட்டி, விக்கலில் போய் முடிவது. அதைக் கத்தரித்து லொள்ளுவின் பேச்சுக்குக் கீழே ஒட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

3

அடிக்குறிப்பாகப் போட நினைத்தேன், அடங்கவில்லை: லொள்ளுவுக்கு ஓர் அண்ணன். அண்ணி அவரை விட்டுவிட்டுப் போன கதையைத் தம்பி ஒருநாள் மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கினான். அண்ணன் கூட்டத்தில் இருந்தார். இனி உன் நிகழ்ச்சிப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றார். மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

4

படத்தைப் பார்க்க லொள்ளு வந்தான். அந்த இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னான். மறுபடி போடச் சொன்னான். நான்கு முறை கேட்டான்.

"அக்கா, இது எங்கண்ணன் சிரிப்பு."

எடிட்டரின் இதயம் ஒரு கணம்

(வேண்டாம். உள்ளங்கை வேர்த்தது, அவ்வளவுதான்.)

"அன்னிக்கு ஒருத்தர்கூட சிரிக்கலைன்னு நெனச்சேன்கா. இவரு சிரிச்சிருக்காரு. என்னை மன்னிச்சிட்டாருக்கா."

அழுதான். வாய் ஓயாத ஆள், சத்தமே இல்லாமல் அழுதான். எடிட்டருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவன் அண்ணனின் எண்ணை அழுத்திவிட்டான். அக்காவும் கேட்கட்டும் என்று போனை மேசைமேல் வைத்து, ஒலியைப் பெரிதாக்கினான்.

"அண்ணே, சனிக்கிழமை வந்திருந்தியாண்ணே?"

5

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

முடிவு அ: எடிட்டர் போனைப் பிடுங்கி உண்மையைச் சொல்கிறார். (பாதி எழுதினேன். லொள்ளுவின் முகத்தைப் பார்க்க முடியாமல் கிழித்துப் போட்டேன்.)

முடிவு ஆ: அண்ணன், "நான் எங்கடா வந்தேன்?" என்கிறார். (நியாயம்தான். ஆனால் எனக்கு மனசு வரவில்லை.)

அண்ணன்மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கிறது. வியாழக்கிழமை அவருக்கு அந்த அரங்கில் என்ன வேலை? தம்பி வர மாட்டான் என்று தெரிந்து போனாரா? தம்பியைப் பார்க்கப் போய்த் தேதியில் கோட்டை விட்டாரா? எடிட்டர் அந்தக் காட்சியைத் திரும்பப் பார்த்திருக்கிறார். மூன்றாம் வரிசையில் அண்ணன், புதிதாக ஒருவர் மேடையேறும்போதெல்லாம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கிறாராம். முன்னால் இருந்தவர் உயரமாக இருந்திருக்கலாம்.

6

அண்ணன் என்னதான் பதில் சொன்னார் என்று எடிட்டரைக் கேட்டேன். ஒரு விக்கல்தான் கேட்டதாம்.

விக்கல் சிரிப்பின் கடைசியிலும் வரும், அழுகையின் கடைசியிலும் வரும். எது என்று எடிட்டர் சொல்லவில்லை. போனை அவர்கள் இருவருக்கும் விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டாராம்.

இருநூற்றுப் பதினைந்தாவது அடைப்புக்குறியைத் திறந்து வைத்திருக்கிறேன். நீங்களே எழுதி மூடிக்கொள்ளுங்கள்.

[