தொப்பைத் தொட்டி

மேல்மாடிக் குளியலறைக் குழாயில் தண்ணீர் ஜலதோஷக்காரன் மூக்கைப் போல ஒழுகியது. அதுவும் தண்ணீர்த் தொட்டி விற்கிறவர் வீட்டில்! "தொட்டிக்கு வயிறு பெருத்தாதான் குழாய்ல வேகம்" என்று பதினெட்டு வருடமாக வாய் கூசாமல் விற்றவர், தம் வீட்டுக்கும் அதே தீர்ப்பைச் சொன்னார். பெரிய தொட்டி வைக்க மொட்டைமாடித் தகரக் கொட்டகையைப் பிரிக்க வேண்டும். அதில்தான் மனைவியின் தையல் மெஷின் இருந்தது.

"மெஷின் எங்கே போகும்?"

"கட்டிலுக்கு அடியில வெச்சுக்க."

"நானும் அங்கேயே படுத்துக்கிட்டுத் தைக்கவா? இருக்கிற தொட்டியையே ஸ்டாண்டு போட்டு உயரத்துல ஏத்துங்க, போதும். அகலத்தால வேகம் வரும்னா, உங்க வயித்துக்கு நீங்க ஓட்டப் பந்தயத்துல கப்பு வாங்கியிருக்கணும்!"

"நிரூபிச்சுக் காட்டு. கொட்டகையைத் தொடமாட்டேன்."

உடனே அவள் காலி பெயிண்ட் வாளியையும் ஒல்லி பாட்டிலையும் எடுத்தாள். இரண்டிலும் அடியிலிருந்து இரண்டு விரல் மேலே, பழுக்கக் காய்ச்சிய ஊசியால் ஓட்டை போட்டு டேப் ஒட்டினாள். வாளியின் உள்பக்கமும் பாட்டிலின் வெளிப்பக்கமும் ஒரு சாண் உயரத்தில் கோடு கிழித்து, அதுவரை தண்ணீர் ஊற்றி, மாடித் திண்டின் மேல் வைத்து டேப்பை உரித்தாள். குண்டு வாளியும் ஒல்லி பாட்டிலும் ஒரே தரைக்கல்லில் போய் விழும்படி தண்ணீரைப் பீய்ச்சின.

அவர் முகம் சுருங்கியது. "கண்ணளவு செல்லாது. அளந்து பார்க்கணும்."

அவள் ஓட்டைகளை அடைத்து, கோடு வரை மறுபடி நிரப்பிவிட்டு, அளவு நாடா எடுக்கக் கொட்டகைக்குள் போனாள். வியாபாரி சும்மா இருப்பாரா? ஒரு குடம் தண்ணீரை வாளிக்குள் கவிழ்த்தார்.

"வா, வா! இப்பப் பாரு!"

டேப்பை உரித்ததும் வாளித் தண்ணீர் ஒரு கல் தாண்டிப் பாய்ந்தது. அவள் தரையைப் பார்க்கவில்லை. வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். கோடு முழுகிக் கிடந்தது.

"நான் உள்ளே போன நேரத்துல வாளி குண்டாயிடுச்சா?"

"இல்ல..."

"அப்போ எது கூடிச்சு?"

அவர் காலிக் குடத்தைப் பார்த்தார். "தண்ணி உயரம்" என்றார், பல் பிடுங்கக் கொடுத்தவர் குரலில்.

மறுநாள் நாலடி ஸ்டாண்டு வந்து இறங்கியது. கொட்டகை நிலைத்தது, குழாயும் சீறியது. ராத்திரி சாப்பாட்டில் அவர் மீசையைத் தடவினார். "இன்னிக்கு மூணு பேருக்குச் சின்னத் தொட்டியோட ஸ்டாண்டும் சேர்த்து வித்தேன். 'நானே வீட்டுல சோதிச்சுப் பார்த்தேங்க'ன்னேன், வாயைப் பொளந்துட்டாங்க!"

"குடத்தைக் கவுத்த கதையையும் சொன்னீங்களா?" என்றபடி அவள் இன்னொரு கரண்டி பரிமாறினாள்.