கிலோ முந்நூறு மேனிக்கு

தாய்மாமன் மரியாதையின் விலை கிலோ முந்நூறு ரூபாய். திருச்செங்கோட்டு நிலவரம் அதுதான். அந்த அளவுக்கு அடித்துப் பேசி இறக்கிய பெருமை பிரபாகரையே சேரும்.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கிறவர் பிரபாகர். அறுபதுகளில் செய்த சீமைக் கார் ஒன்று வைத்திருந்தார்; சிவப்பு, கூரை கிடையாது, இரண்டே சீட்டு. “ஒரு மூட்டை அரிசி ஏத்தியாறதுக்கு ஆகுதுங்களா அது?” என்பாள் மனைவி உஷாராணி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏறும்போது சேலத்து ஜவுளிக்காரரின் பழைய கார் அவரை முந்திப் போனது. போனதோடு விடாமல் ஆரனும் அடித்தது.

மறுநாளே லேத் பட்டறை கந்தப்பனிடம் போனார். எஞ்சினுக்குப் பின்னால் சுழலும் கனத்த இரும்புச் சக்கரம், ஃப்ளைவீல், ஒன்பதரை கிலோ. அதைக் கடைந்து இளைக்க வைத்தால் ஆக்சிலேட்டரில் கால் பட்டதுமே எஞ்சின் சீறும்.

“மொத்தமா ஆயிரத்தி ஐந்நூறு குடுங்க” என்றான் கந்தப்பன்.

“எத்தனை எடுப்பே?”

“ரெண்டு கிலோ எடுத்தாப் போதுமுங்க.”

“அப்ப எடுக்கிற கிலோவுக்கு முந்நூறு. உதிர்ற துருவலையும் நீயே வெச்சுக்க.”

கந்தப்பன் விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். “உங்களுக்காக சரிங்க” என்றான். தொள்ளாயிரம் மிச்சம் என்று பிரபாகர் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

நான்கு நாள் கழித்துத் தராசில் வைத்துக் காட்டினான். எடுத்தது நாலு கிலோ இருநூறு கிராம். கூலி ஆயிரத்து இருநூற்று அறுபது.

“ஏன்டா, ரெண்டுன்னுதான சொன்னே?”

“கிலோவுக்குன்னு சொன்னது நீங்கதானுங்க. அப்புறம் கை நிக்கலைங்க. பயப்படாதீங்க, வெளி ஓரத்துலதான் எடுத்தேன், பேலன்சும் பாத்தாச்சு. ஒண்ணே ஒண்ணு, அந்தப் பாரம் இருந்தாத்தான் மெதுவாப் போறப்ப எஞ்சின் நிக்காம உருட்டிக்கிட்டுப் போகும். இனி மெதுவாப் போனா நின்னுபோயிருமுங்க.”

“நான் எதுக்கடா மெதுவாப் போறேன்?”

அடுத்த ஞாயிறு மூன்றாவது வளைவிலேயே ஜவுளிக்காரரை முந்தினார். ஆரனை வட்டியோடு இரண்டு முறை அடித்தார்.

அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை மறந்துபோனார். அக்கா மகள் ஷாலினிக்குக் கல்யாணம். “மாப்பிள்ளை உங்க கார்லதான் வரணும் மாமா” என்று அவள் கேட்டு, இவரும் நிச்சயத்தன்றே சபையில் வாக்குக் கொடுத்திருந்தார். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை அரை கிலோமீட்டர், மேளத்துக்குப் பின்னால், ஆள் நடக்கிற வேகத்தில். கந்தப்பன் சொன்னது மாலை போட்ட மாப்பிள்ளை அறிவு பக்கத்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. வழி நெடுக மாப்பிள்ளை வீட்டுச் சனம்.

வண்டி பத்தடி போய் நின்றது. மேளமும் நின்றது. மறுபடி கிளப்பினார், குலுங்கி நின்றது. அறிவின் தலைப்பாகை மூக்குக்கு வந்தது. கூடுதலாக மிதித்தார்; வண்டி பாய்ந்ததில் தவில்காரர் தவிலோடு சாக்கடையைத் தாண்டினார்.

மாப்பிள்ளையின் அப்பா சின்னண்ணன், எருமப்பட்டியில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர், குனிந்து பார்த்தார். “என்னுங்க, வண்டிக்கு விக்கலுங்களா? யாராச்சும் தண்ணி குடுங்கப்பா!”

கூட்டம் சிரித்தது. மண்டப வாசலில் ஷாலினி காத்திருப்பது தூரத்தில் தெரிந்தது. பிரபாகருக்குச் சட்டை முழுக்க வேர்வை. ஏழாவது முறை நின்றபோது கிளட்ச் கருகிய வாசம் மல்லிகையை அமுக்கியது.

அவர் இறங்கினார். “மாப்பிள்ளை, இந்தப் பக்கம் நகந்து ஸ்டீரிங்கைப் புடிங்க. கந்தப்பா! இங்க வாடா!”

வெள்ளைச் சட்டையில் விருந்துக்கு வந்திருந்த கந்தப்பன் வந்தான். “நான் அன்னைக்கே சொன்னேனுங்களே.”

“பேசாமத் தள்ளு.”

“தள்ளறதுக்குக் கிலோ ரேட்டுங்களா, ஆள் ரேட்டுங்களா?”

இரண்டு பேர் தள்ளியும் வண்டி அசையத் திணறியது. சின்னண்ணன் பார்த்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், துண்டை மகன் மடியில் எறிந்தார். “எம்பட பையனை ஏத்தின வண்டி நடுரோட்டுல நின்னா எனக்குந்தானுங்க அசிங்கம். ம், தள்ளுங்க!”

எஞ்சின் சத்தமே இல்லாமல் கார் தேர் போல நகர்ந்தது. ஊரில் முதல் முறையாக ஊர்வலத்தில் நாயனம் முழுசாகக் காதில் விழுந்தது. வாசலில் ஷாலினி வாய் பொத்திச் சிரித்தாள்.

“மாமா, மாமனாரையே தள்ள வெச்சு மாப்பிள்ளையைக் கூட்டியாந்துட்டீங்க. இதுக்கு மேல எனக்கு என்னங்க சீர் வேணும்?”

பந்தியில் மூவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். கந்தப்பன் விரலைத் தண்ணீரில் நனைத்து இலை ஓரத்தில் எழுதினான். பிரபாகர் எழுபத்தெட்டு கிலோ, சின்னண்ணன் தொண்ணூற்றொன்று, தான் அறுபத்துமூன்று. ஆக, வண்டிக்குப் பின்னால் சேர்த்தது இருநூற்று முப்பத்திரண்டு கிலோ. உள்ளே கழித்தது நாலு கிலோ இருநூறு. அது போக நிகரம் இருநூற்று இருபத்தேழு கிலோ எண்ணூறு.

“கிலோ முந்நூறு மேனிக்கு அறுபத்தெட்டாயிரத்து முந்நூத்தி நாப்பதுங்க.”

“ஆளுக்கொரு மைசூர்பாகு” என்றார் பிரபாகர்.

“ரெண்டு” என்றார் சின்னண்ணன்.

படிந்தது. இரண்டு பேருக்கு நாலு வேண்டும், தட்டில் மூன்றுதான் இருந்தது. சின்னண்ணனுக்கு இரண்டு, கந்தப்பனுக்கு ஒன்று. பாக்கி, மைசூர்பாகு ஒன்று.