கை மட்டும் தெரியும் ஆட்டம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்துக் கேட்டால் எனக்கு வியர்த்துக்கொட்டும். இரண்டாயிரத்து இரண்டாம் வருடம் ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு, மணலி புதுநகரில் ஒரு தெருவில் விஷவாயு சைரன் கேட்டது. தெருவே ஓடியது. ஆனால் விஷவாயு எதுவும் கசியவில்லை. தொழிற்சாலையில் யாரும் சைரனை அழுத்தவும் இல்லை. ஊதியது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு.

சிரித்துக்கொள்ளுங்கள். நானும் சிரிப்புக் கதையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்து ஏழு வருடம் ஆகிறது.

தொடக்க வரிகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

‘வரலட்சுமி துப்பாக்கியைத் தூக்கவும் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கவும் சரியாக இருந்தது.’ ரொம்பக் கெட்டிக்காரத்தனம். வேண்டாம்.

‘மணலியில் காற்றுக்கும் நிறம் உண்டு, அது’ — போதும். இதை எழுதாத ஆளே பாக்கியில்லை.

‘அன்று நான்’ — இல்லை, இல்லை. இந்தக் கதையில் நான் வரமாட்டேன். படர்க்கைதான் பத்திரம்.

2

வரலட்சுமிக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. அவள் புருஷன் பீம்ராவ், விரைவுச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பாதுகாப்புக் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தான். தொழிற்சாலையின் பெயரைக் கேட்காதீர்கள். அந்த அறையில் ஒரு கண்ணாடி மூடி, அதற்கடியில் ஒரு சிவப்புப் பொத்தான். வாயு கசிந்தால் அதை அழுத்துவதும், கசியாதபோது அதன் பக்கம் கையே போகாமல் பார்த்துக்கொள்வதும்தான் பீம்ராவின் உத்தியோகம்.

எங்கள் பக்கத்து [‘எங்கள்’ வேண்டாம். அந்தப் பக்கத்து] ஜனங்களுக்கு சைரன் பாஷை தெரியும். நீளமாக ஒரே சீராக ஊதினால் சோதனை, வேலையைப் பார்க்கலாம். ஏறி இறங்கி ஏறி இறங்கி அழுதால் வாயு. அதற்காக வீட்டுக்கு வீடு ஒரு நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். ஒன்று, துணியை நனைத்து மூக்கில் வைக்கவும். இரண்டு, புகைபோக்கியைப் பார்த்துக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று அறியவும். மூன்று, காற்றுக்குக் குறுக்கே போகவும். நான்காவது வரி எனக்கு மனப்பாடம். அதைப் பிறகு சொல்கிறேன்.

வரலட்சுமி வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது மகள் ஷாலுவின் படிப்புக்காக. வியாசர்பாடியில் மைக் செட் வைத்திருந்த பீம்ராவின் தம்பி சித்தார்த், பழைய பாகங்களைச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தான். சின்ன ஸ்பீக்கர் கிடைக்கவில்லை என்று, கல்யாண வீட்டுக்குப் போகும் ஆம்ப்ளிஃபயரையும் இரண்டு பாக்ஸையும் அதில் மாட்டி ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனான். ‘அண்ணி, சவுண்டு சும்மா அள்ளும்’ என்றான். டைப்பிங் பழகிக்கொள்ள என்று பர்மா பஜாரில் ஒரு சி.டி.யும் வாங்கி வந்திருந்தான். மேலட்டையில் டைப்பிங் என்றுதான் போட்டிருந்தது. உள்ளே இருந்தவன் உளவாளி.

3

அந்த ஆட்டத்தை விளக்காவிட்டால் கதை நகராது. ஆடுகிறவர்தான் உளவாளி. உளவாளிக்கு முகம் கிடையாது. திரையின் அடியிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டிருக்கும், கையில் துப்பாக்கி, சுண்டுவிரலில் பச்சைக்கல் மோதிரம்.*

பனிமலைக்குள் ஒரு ரகசிய பிஸ்கட் கம்பெனி. உலகத்தையே தூங்கவைக்கும் பிஸ்கட்டை அங்கே சுடுகிறார்கள். உளவாளி உள்ளே புகுந்து அடுப்பை அணைக்க வேண்டும். அவனிடம் தும்மல் பொடி கக்கும் பேனாவும் ஓர் ஒட்டுமீசையும் உண்டு. காவல்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் தங்களுக்குள் புலம்ப ஆரம்பித்துவிடுவார்கள். வரலட்சுமியின் பத்தாம் வகுப்பு இங்கிலீஷுக்கு ‘ஓவர்டைம்’, ‘சூபர்வைசர்’, ‘லீவ்’ மட்டும் பிடிபட்டது.

“அய்ய, இவனுங்களும் ஷிஃப்ட்டு ஆளுங்கதானா?” என்று துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டாள். அதன்பிறகு அவள் ஒருவனையும் சுடவில்லை. பீரோவுக்குப் பின்னால் பதுங்கிப் பதுங்கியே போனாள். அவர்கள் கண்ணில் பட்டால் சைரன் ஊதும், ஆட்டம் போச்சு. சைரனே ஊதாமல் கட்டத்தைக் கடந்தால் தங்க மெடல்.

காலையில் எல்லோரும் போனபிறகு தினமும் ஒரு மணி நேரம் ஆடினாள். ஏன் ஆடினாள் என்று ஓரிடத்தில் சொல்லியாக வேண்டும். கல்யாணமாகிப் பதினோரு வருடமாக அவள் காது விரைவுச் சாலைப் பக்கமே இருந்தது. பாத்திரம் கழுவும்போதும் குழாயை மூடிவிட்டு ஒரு தரம் கேட்டுக்கொள்வாள். பயம், வேறொன்றுமில்லை. இந்த ஆட்டத்தில் மட்டும் சைரன் ஊதுவதும் ஊதாததும் அவள் கையில் இருந்தது.

(* இதைத்தான் ‘ஃபர்ஸ்ட் பெர்சன்’ என்கிறார்கள். நம் இலக்கணத்தில் தன்மை. தன்மையில் சொல்கிறவனுக்குத் தன் முகம் தெரியாது, கைதான் தெரியும் என்று ஒரு கட்டுரை எழுதலாம் என நினைத்தேன். எழுதவில்லை.)

4

அந்தத் திங்கட்கிழமை. முந்தின நாள் ஷாலு பாட்டுப் போட்டு ஆம்ப்ளிஃபயர் திருகை முழுக்கத் திருப்பி வைத்திருந்தாள். வரலட்சுமி கவனிக்கவில்லை. அவள் உளவாளியாகிக் கடைசிக் கட்டத்தில் பதுங்கி நடந்துகொண்டிருந்தாள், அடுப்புக்குப் பத்தடி தூரம். பிஸ்கட் தட்டோடு போன ஒருவன் திரும்பிப் பார்த்துவிட்டான்.

சைரன் ஏறி இறங்கி அழுதது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அதே நேரத்தில் கம்ப்யூட்டர் ஹேங் ஆனது. படம் அப்படியே உறைந்துவிட்டது, சத்தம் மட்டும் நிற்கவில்லை. அவள் எல்லாப் பொத்தானையும் அழுத்தினாள், மவுஸைத் தட்டினாள், “நிறுத்துடா பாவி” என்று பிஸ்கட் தட்டுக்காரனைத் திட்டினாள். கடைசியில் பிளக்கைப் பிடுங்கினாள். மூன்று நிமிடம் இருக்கலாம்.

ஜன்னலைத் திறந்தால் தெருவில் ஒரு உயிர் இல்லை. அடிபம்பில் யாரோ விட்டுப்போன குடம், வழியெல்லாம் ஒற்றைச் செருப்புகள், எங்கோ பால் பொங்கித் தீய்ந்த வாடை.

இந்த இடத்தை நான் கற்பனை செய்திருந்தால் பாராட்டிக்கொள்வேன். நடந்ததே இதுதான்: ‘ஐயோ, வாயு கசிஞ்சிருக்கு, ஊரே போயிடுச்சு, நான் மட்டும் குந்திகினு ஆடிகினு இருந்திருக்கேன்’ என்று நினைத்து, வரலட்சுமியும் துண்டை நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டு ஓடினாள். தன் சைரனுக்குத் தானே கடைசி ஆளாக ஓடினாள்.

பள்ளிக்கூட மைதானத்தில் எல்லோரும் ஈரத்துணியோடு புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். “எப்போ ஊதிச்சு?” என்று கேட்டாள். “இன்னா நீ, செவிடா? பதினொண்ணே காலுக்கு ஊதிச்சே, திடீர்னு கூட நின்னுச்சே” என்றார்கள். அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மயக்கம் என்று நினைத்து யாரோ சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

5

தெருவிலேயே முதலில் ஓடியவள் கெங்கம்மா. அவள் புருஷன் சின்னப்பையன் லாரி டிரைவர், விபத்தில் கால் முறிந்து தொடை வரை மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தான். சைரன் கேட்டதும் கெங்கம்மா ஓடினாள். அவனைத் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

[இந்தப் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. ஆறு வாரமாக அவனுக்குச் சோறு ஊட்டிய கை, பேன் எடுத்த கை. எப்படி ஓடுவாள்? ‘அவள் ஓடியதற்குக் காரணம்’ என்று நான்கு தரம் ஆரம்பித்தேன். ‘ஓடியதற்குக் காரணம் அவள் ஆள் கூட்டி வரப்போனாள்’ — பொய். ‘காரணம் அவள் மூளை’ — இது டாக்டர் பேச்சு. ‘காரணம்’ — ]

மதியம் திரும்பி வந்தபோது சின்னப்பையன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான், கையில் இரண்டு ஈரத்துண்டுகள். “இன்னா கெங்கு, ரேஸுல ஃபர்ஸ்ட் பிரைஸ் வாங்கிகினு வந்தியா?” என்றான். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள், கெங்கம்மாவும் சிரித்தாள்.

[இரண்டு துண்டு ஏன்? ஒரு மூக்குக்கு ஒன்று போதுமே. படிக்கிறவர்கள் கேட்பார்கள். மூன்று பிரதியிலும் ஒன்றை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன்.]

6

அடுத்த நாள் தெரு திரண்டு தொழிற்சாலை வாசலுக்குப் போனது. “ஊதிட்டு ஊதலைன்றீங்களா? நாங்க இருநூறு பேரு இன்னா பீலாவா வுடறோம்?” என்று கத்தினார்கள். அதிகாரிகள் பதிவேட்டைப் புரட்டினார்கள். அதில் ஒன்றுமில்லை. இருநூறு பேர் கேட்டதை இல்லையென்று சொல்லமுடியாமல் பீம்ராவை அறையிலிருந்து இறக்கி விசாரணை வைத்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள், தவறுதலாகக் கை பட்டுவிட்டது என்று எழுதிக் கொடுத்தால் டிரம் அடுக்கும் வேலைக்கு மாற்றுவார்கள். மறுத்தால் சஸ்பெண்ட்.

சாயங்காலம் பீம்ராவ் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“வரலு, நா அமுக்கிகினேனா?”

“இன்னா பேசற நீ?”

“டீ குடிச்சிகினு இருந்தேன். கை மேஜை மேலதான் இருந்துச்சு. ஆனா அத்தினி பேரு கேட்டிருக்காங்களே. கண்ணு அசந்து கை தன்னால பூடுச்சா? அப்படின்னா இந்தக் கைய எப்டி நம்பறது? நாளைக்கு நெஜமா கசிஞ்சா இது அமுக்குமா?”

வரலட்சுமியின் வாய் வரைக்கும் வந்தது. அவன் சோறு அள்ளுவதற்கு இடது கையைக் கொண்டுபோனதைப் பார்த்தாள்.

“துன்னுய்யா, ஆறிடப் போவுது” என்றாள்.

7

இனி முடிவுகள்.

(அ) அவள் சொல்லிவிடுகிறாள். பீம்ராவ் முறைக்கிறான், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான், இருவரும் சேர்ந்து பிஸ்கட் அடுப்பை அணைக்கிறார்கள். எனக்கே கூச்சமாக இருக்கிறது.

(ஆ) ஒரு மாதம் கழித்து நிஜ சைரன் ஊதுகிறது, விளையாட்டு என்று யாரும் நகரவில்லை. இதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். நானும் எழுதினேன், பத்து வரியில் கிழித்தேன். அந்த ஊரில் குடியிருந்தவன் அதை விளையாட்டுக்குக்கூட எழுதக்கூடாது.

(இ) நடந்தது. வெள்ளிக்கிழமை பீம்ராவ் எழுதிக் கொடுத்தான். ‘தவறுதலாக என் கை பட்டுவிட்டது.’ டிரம் அடுக்கப் போனான். வருடம் திரும்புவதற்குள் வியாசர்பாடிக்கே வீடு மாறிப் போனார்கள். அவள் இன்றுவரை சொல்லவில்லை.

8

‘யாருமே சொல்லாதபோது உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?’ என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், அதையே நம்பித்தான் நானும் வந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமைக் கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை, அவள் ஜன்னலுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தேன். மெல்லிய சத்தத்தில் அதே சைரன், பின்னாலேயே ஓர் இங்கிலீஷ் குரல், கோமாளி மியூசிக். நின்றுவிட்டேன். தெரு கேட்டது தன் ஆட்டத்தின் சத்தம்தானா என்று அவள் சோதித்துப் பார்த்திருக்கிறாள். ஜன்னலில் வந்து நின்றாள்.

“பாய், நீங்க படிச்சவரு. சொன்னா தெருவே சிரிக்கும். சொல்லாங்காட்டி அவரு நொந்துடுவாரு. இன்னா பண்ணட்டும்?”

“இப்போதைக்கு வேணாம்மா” என்றேன். நான்தான் சொன்னேன்.

ஏனென்றால், சொன்னால் தெரு சிரிக்கும், சிரித்து முடித்ததும் யார் யாரை விட்டுவிட்டு ஓடினார்கள் என்று பேசும். விஷவாயுவுக்குப் பயந்து ஓடியவன் என்றால் ஐயோ பாவம். பிஸ்கட் கம்பெனிக்குப் பயந்து ஓடியவன் என்றால்?

எங்கள் தெருவில் கெங்கம்மா என்று யாரும் இல்லை. சின்னப்பையனும் இல்லை. மாவுக்கட்டு என் மனைவி தஸ்னீமின் காலில் இருந்தது. ஆபீஸுக்கு லீவு போட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். சைரன் கேட்டதும், கையிலிருந்த பேன் சீப்பைக் கட்டிலில் போட்டுவிட்டு, தெருவிலேயே முதல் ஆளாக நான் ஓடினேன்.

திரும்பி வந்தபோது யாரும் கேலி செய்யவில்லை. மாவுக்கட்டுக் காலை இழுத்துக்கொண்டு அவள் குளியலறைக்குப் போய்வந்த ஈரத் தடம் தரையில் இருந்தது. ஒரு துண்டு அவள் மூக்கில். இன்னொன்றை என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

“வெறும் மூஞ்சோட போய்ட்டீங்களே, இத வச்சிக்குங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஏழு வருடமாக வேறொன்றும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை.

நோட்டீஸின் நான்காவது வரி: நடக்க முடியாதவர்களை முதலில் அழைத்துச் செல்லவும்.

9

வாசகர்களே, முடிவை உங்களிடம் தருவதாக இருந்தேன். மன்னித்துவிடுங்கள், இது உங்களுடையது அல்ல.

தஸ்னீம், என் கதைகளை முதலில் படித்துப் பிழை திருத்துகிறவள் நீதான். பென்சில் மேஜை மேலேயே இருக்கிறது. ஐந்தாம் பகுதியில் ‘கெங்கம்மா ஓடினாள்’ என்று இருக்கும். அதைத் திருத்துவதா, அப்படியே விடுவதா, நீ சொல். திருத்தினால் இதை வியாசர்பாடிக்கு எடுத்துக்கொண்டு போய் பீம்ராவிடம் கொடுக்கவேண்டும். அந்த மனுஷனின் கை ஏழு வருடமாக என்னிடம் இருக்கிறது.

கிரைண்டர் சத்தம் நின்றுவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு நீ வருகிறாய், அந்தக் கால் இன்னும் லேசாகத் தேய்கிறது. நான் எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.