குனிந்தோர் பட்டியல்

2006ஆம் ஆண்டு ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நிலவரப்படி, நடுச்செவல் பேரூராட்சியில் 6,412 பேர் இடுப்புக்கு மேலே தரைக்குச் சமமாகக் குனிந்த நிலையில் இருந்தார்கள். நிமிர்ந்திருந்தவர்கள் பதினொரு பேர். இந்தத் தகவலைப் பேரூராட்சியின் சுகாதார ஆய்வாளர் ஜெயசுந்தர் அன்று மாலை நான்கு மணிக்கு, ஆட்டோவின் தலையில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் தெருத்தெருவாக வாசித்தார். தண்ணீர்ப் பானையை மூடி வையுங்கள், பழைய டயரையும் தேங்காய்ச் சிரட்டையையும் வீட்டைச் சுற்றிப் போடாதீர்கள் என்று முடித்துவிட்டு, ஐந்து நாற்பது பஸ்ஸில் விருதுநகருக்குப் புறப்பட்டார். நிமிர்ந்த பதினொரு பேரில் அவரும் ஒருவர். கொசு கடிக்கிற நேரத்தில் ஊரில் இருப்பதில்லை, அதனால் தப்பித்தார் என்று ஊர் சொன்னது. இது பகலில் கடிக்கும் கொசு என்று மூன்று மாதமாக மைக்கில் சொல்லிவந்தவர் அவர்தான் என்பதால், அந்த விளக்கம் அவருக்கே ஒட்டவில்லை.

வந்தது சிக்குன்குனியா. மற்ற ஊர்களில் காய்ச்சல் நாலு நாள், மூட்டுவலி நாலு மாதம் என்று போயிற்று. நடுச்செவலில் வலி பத்தே நாளில் நின்றுவிட்டது. குனிவு மட்டும் நிற்கவில்லை. அண்டா அண்டாவாக நிலவேம்புக் கஷாயம் காய்ச்சி ஊற்றினார்கள். குனிந்தபடி குடித்ததில் பாதி மூக்கு வழியாக வந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு ஊர் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, வேண்டிய மாற்றங்களைச் செய்துகொண்டது. டீக்கடைப் பலகை தரைக்கு இறங்கியது. முடிவெட்டும் கடையில் கண்ணாடியைத் தரையில் படுக்க வைத்தார்கள். சினிமா போஸ்டர்களைச் சுவரின் அடியில் ஒட்டினார்கள். ஆடுகள் மட்டும் அதில் லாபம் அடைந்தன. பஸ் நேர அட்டவணையைக் கழற்றி முழங்கால் உயரத்தில் மாட்டினார்கள். எல்லோரும் எல்லோரையும் காலை வைத்தே அடையாளம் கண்டார்கள். கல்யாணத் தரகர்கள் மாப்பிள்ளையின் பாதத்தைப் புகைப்படம் எடுத்து வந்து காட்டினார்கள். அந்த வருடம் நடந்த சம்பந்தங்களில் ஒன்றுகூட இதுவரை முறியவில்லை. தெருவில் தொலைந்துபோன மூக்குத்தி, திருகாணி, வீட்டுச்சாவி எல்லாம் திரும்பக் கிடைத்தன. கிடைத்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள், திருடியதாக ஏச்சு வாங்கியிருந்த மருமகள்கள் அதைவிடச் சந்தோஷப்பட்டார்கள்.

ஜெயசுந்தரை ஏற்றித் திரியும் ஆட்டோக்காரர் இருளாண்டியும் குனிந்தவர்தான். வண்டிக்கு முன்னால் பத்தடி தெரிந்தால் போதும், மிச்சத்தைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்பது அவர் கட்சி. "சார், நீங்க நிமிந்து நிக்கீக. அதான் ஒங்களுக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது" என்றார் ஒருநாள். "நேத்துலருந்து ரெண்டு காலுக்கும் வேற வேற செருப்புல அலையுதீக. ஊரே பேசுது." ஜெயசுந்தர் கீழே பார்த்தார். உண்மைதான்.

அவர் மனமெல்லாம் விருதுநகரில் இருந்தது. மனைவி ரீனா அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஐந்து மாதக் கர்ப்பம். பஸ் சாத்தூர் சுற்றி வந்து அவர் வீடு சேரும்போது ரீனா நைட் டூட்டிக்குக் கிளம்பியிருப்பாள். விடிந்து அவள் திரும்பும்போது இவர் பஸ்ஸில் இருப்பார். கல்யாணமாகி நாலு வருடத்தில் இருவரும் ஒருவரையொருவர் முழுதாகப் பார்த்தது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில்தான். விருதுநகரில் ஓர் ஆய்வாளர் இடம் காலியாக இருந்தது. பிரசவத்துக்கு முன்னால் அங்கே போய்விட வேண்டும் என்பது தவிர, அந்த வருடம் அவர் ஜெபத்தில் வேறு வேண்டுதல் இல்லை. மாவட்ட அதிகாரி தெளிவாகச் சொல்லியிருந்தார்: "குனிந்தோர் கட்டத்துல பூஜ்ஜியம் காட்டுங்க. அன்னைக்கே ஆர்டர் தாரேன்."

வாராந்திர அறிக்கைப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. இடது பக்கம் 'குனிந்தோர்', வலது பக்கம் 'குணமடைந்தோர்'. முதல் கட்டத்தில் பூஜ்ஜியம் வர வேண்டும், இரண்டாவதில் பூஜ்ஜியம் வரவே கூடாது என்பது மேலிடத்தின் விருப்பம். வாரக் கணக்காக வலது கட்டம் காலியாகவே போனதால் தொலைபேசியில் சத்தம் போட்டார்கள். ஆவணி முதல் வெள்ளியன்று ஜெயசுந்தர், மேலிடத்துச் சத்தம் அடங்கினால் போதும் என்று, வாக்காளர் பட்டியலைத் திறந்து கண்ணில் பட்ட முதல் பெயரை வலது கட்டத்தில் எழுதினார். மாலையில் அதையே மைக்கில் வாசித்தார்: "இந்த வாரம் குணமடைந்தவர், செல்லத்தாய், கணவர் பெயர் பெத்தணன், கதவு எண் பதினான்கு, மேலத்தெரு." மேலத்தெருக் குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்த செல்லத்தாய் முதுகில் ஓலைவெடி போலப் படபடவென்று சத்தம் கேட்க நிமிர்ந்து நின்றாள். மூன்று மாதத்தில் முதல்முறையாக வானத்தைப் பார்த்தவள், "ஆத்தீ, மழை வரப் போகுது. துணி கெடக்கே" என்று வீட்டுக்கு ஓடினாள்.

அடுத்த நாள் காலையில் பேரூராட்சி அலுவலக வாசலில் நூற்றுக்கணக்கான முதுகுகள் வரிசையில் நின்றன. கல்யாணப் பெண், பனை ஏறுகிறவர், பரண்மேல் எதையோ வைத்துவிட்டு எடுக்க முடியாதவர், எல்லோருக்கும் தன் பெயர்தான் முதலில் வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை ஆயிரத்துச் சொச்சம் பெயருக்கு மேல் ஜெயசுந்தரின் தொண்டை தாங்கவில்லை. விலாசத்தோடு வாசிக்கவும் வேண்டியிருந்தது. மாரிசெல்வி என்று மொட்டையாக வாசித்த அன்று ஆறு மாரிசெல்விகள் நிமிர்ந்தார்கள். அதில் ஒருத்தி காரியாபட்டியில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தவள், இலையோடு எழுந்துவிட்டாள். 'கீழத்தெரு மின்கம்பம் எதிரில்' என்று ஒரு விலாசத்தை வாசித்தபோது பத்து வருடமாகச் சாய்ந்து நின்ற அந்தக் கம்பமும் நேராகிவிட்டது. மின்வாரியத்தார் வந்து பார்த்து, தாங்கள் செய்த வேலை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

செல்லத்தாயையும் சேர்த்து, ஆறு வெள்ளிக்கிழமைகளில் 6,201 பேர் நிமிர்ந்தார்கள். இருளாண்டி மட்டும் கடைசிவரை சண்டை போட்டார். நிமிர்ந்தால் ஆட்டோவின் கூரை தலையில் இடிக்கும் என்றார், இடித்தது. பட்டியலில் மிச்சமிருந்தவர்கள் 211 பேர். எல்லோரும் ஊருக்குக் கிழக்கே புகழேந்தி என்பவருடைய பட்டாசுக் கம்பெனியில், வெடிகளுக்கு மருந்து செலுத்தும் அறைகளில் வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு மூத்தவள் பேச்சியம்மாள். புரட்டாசி இரண்டாம் வாரம் அவள் அலுவலகத்துக்கு வந்து, ஜெயசுந்தரின் காலைப் பார்த்து ஆளை உறுதி செய்துகொண்டு பேசினாள்.

"சார், நல்லா இருப்பீக. எங்க மருந்து ரூம் ஆளுக பேர மட்டும் வாசிச்சிராதீக."

"என்னம்மா இது? ஊரே வாசி வாசின்னு உயிர எடுக்குது. நீங்க வேண்டாங்கீக?"

"போன வருசம் நிமிந்து நின்னுதான் சோலி பாத்தோம். எங்க தங்கச்சி வேலுத்தாயோட நாலு பேரு வெடிவிபத்துல போனாக. எதுல உரசிச்சு, எப்படிப் பத்துச்சுன்னு ஆருக்கும் தெரியல. குனிஞ்ச பெறகுல்லா தெரியுது. தரையில விரிச்ச ரப்பர் பாய்க்கு இரும்பு ஆணி அடிச்சிருக்காக. பதினேழு ஆணி தலையத் தூக்கிக்கிட்டு நிக்கு. மொதலாளிட்ட சொன்னா, சீசன் முடியட்டும்காரு. ஒவ்வொண்ணுலயும் துணியச் சுத்தி வச்சிருக்கோம். சிந்துன மருந்து, மண்ணு, கொண்டை ஊசி, அம்புட்டும் இப்ப கண்ணுக்கு நேரா கெடக்கு. நிமிந்துட்டா மறுபடி ஒண்ணும் தெரியாது சார். தீவாளி வரைக்கும் விட்டிருங்க. பெறகு வாசிங்க, ஆடிக்கிட்டே நிமிருதோம்."

 அந்த சீசனில் நடுச்செவலில் ஒரு பொறிகூடப் பறக்கவில்லை என்பது ஜெயசுந்தருக்கும் தெரிந்ததுதான். தீயணைப்பு வண்டியின் மணிக்குள் சிட்டுக்குருவி கூடு கட்டி, மூன்று குஞ்சு பொரித்திருந்தது. ஆனால் மருந்து ரூமைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் ரீனாவின் வயிறு நினைவுக்கு வந்தது. ரீனாவைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் பதினேழு ஆணியும் நினைவுக்கு வந்தன.

மறுநாளே புகழேந்தி வந்தார். நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். நிமிர்ந்த பதினொரு பேரில் அவரும் ஒருவர். "என்ன சார், ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் தரையவே தொடைக்காக. நான் நடத்துறது பட்டாசு கம்பெனியா, கோயில் பிரகாரமா? வடக்க போற லோடு அப்படியே நிக்குது. அந்த எரநூத்திப் பதினோரு பேரையும் நிமித்தி விடுங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார்.

புரட்டாசி மூன்றாம் வெள்ளி, அக்டோபர் ஆறாம் தேதி, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே பந்தல் போட்டு நிறைவு விழா நடந்தது. மாவட்ட அதிகாரி வந்திருந்தார். பச்சை மையில் கையெழுத்தான மாறுதல் உத்தரவு அவர் சட்டைப்பையில் இருந்தது. மெல்லிய துணி என்பதால் 'விருதுநகர்' என்ற சொல்லை வெளியிலிருந்தே வாசிக்க முடிந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு ரீனாவும் வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முன்வரிசை முழுக்க மருந்து ரூம் ஆட்கள். 211 முதுகுகள், நெல் அறுத்த வயல் மாதிரி ஒரே மட்டமாகத் தெரிந்தன. அதிகாரி நோய்த்தடுப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். புகழேந்தி அவருக்குச் சால்வை போட்டார். பிறகு ஜெயசுந்தர் கடைசி இரண்டு தாள்களோடு மைக்குக்கு வந்தார்.

முதல் பெயர் பேச்சியம்மாளுடையது. அவர் தாளைப் பார்த்தார். ஆறு வாரமாக வலது கட்டத்தை மட்டுமே வாசித்து வந்திருக்கிறோம், இடது கட்டத்தில் ஒரு பெயரைக்கூட இதுவரை மைக்கில் வாசித்ததில்லை என்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. எண்ணிக்கையைத்தான் சொல்லியிருக்கிறார், பெயரைச் சொன்னதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: "இன்றைய நிலவரப்படி நமது பேரூராட்சியில் குனிந்தோர். ஜெயசுந்தர், தகப்பனார் பெயர் வேதமாணிக்கம், சுகாதார ஆய்வாளர்."

சொல்லி வாய் மூடுவதற்குள் குனிந்துவிட்டார். மைக் தலைக்கு மேலே நின்றது. இருளாண்டி ஓடிவந்து அதை முழங்கால் உயரத்துக்கு இறக்கினார். "அடுத்து" என்றார் ஜெயசுந்தர், "புகழேந்தி, பட்டாசுக் கம்பெனி உரிமையாளர்."

நாற்காலியிலிருந்து எழப்போன புகழேந்தி எழுந்த வேகத்திலேயே மடங்கினார். மாவட்ட அதிகாரி அரசு ஊழியத்தில் இருபத்தெட்டு வருட அனுபவம் உள்ளவர். மேடையில் தன் பெயர் எழுதியிருந்த பலகையை உடனே குப்புறக் கவிழ்த்தார். பட்டியல் தொடர்வதற்குள் மேடையின் பின்பக்கம் வழியாக இறங்கி ஜீப்பில் ஏறிவிட்டார். சட்டைப்பை உத்தரவும் அவரோடு போயிற்று. அந்த வார அறிக்கையில் குனிந்தோர் கட்டத்தில் 213 என்று பதிவானது.

 முன்வரிசையிலிருந்து பேச்சியம்மாள் சொன்னாள்: "மொதலாளி, வாங்க. இப்பத்தான் ஒங்களுக்குக் காட்டத் தோதுப்படுது."

புகழேந்தியை அவர்கள் கம்பெனிக்கு நடத்திப் போனார்கள். வழியில் அவர் தன் சொந்த ஊரின் தரையை முதன்முதலாகப் பார்த்தார்.  மருந்து அறைகளில் பதினேழு ஆணியும் துணி முண்டாசு கட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. வேலுத்தாய் இறந்த அறையைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். அதிலும் மூன்று ஆணி. புகழேந்தி அங்கே வெகுநேரம் நின்றார். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்க வாயெடுத்தவர், சீசன் முடியட்டும் என்று தானே சொன்னது நினைவுக்கு வந்து அதைக் கேட்காமல் விட்டார். மறுநாள் கம்பெனி அடைப்பு. சீசன் உச்சத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி தன்னிஷ்டத்துக்கு ஒருநாள் மூடியது அந்த வட்டாரத்தில் அதுவே முதல்முறை. ஆணிகளைப் பிடுங்கி, பாயைப் பசை போட்டு ஒட்டினார்கள். பிடுங்கும்போது முதலாளியும் தண்ணீர் தெளித்துக்கொண்டு கூடவே நின்றார். லோடு நாலு நாள் தாமதமாகப் போனது. வடக்கே யாரும் தீபாவளியைத் தள்ளி வைத்ததாகச் செய்தி இல்லை.

தீபாவளிக்கு முந்தின நாளும் வெள்ளிக்கிழமையாகவே அமைந்தது. ஜெயசுந்தர் குனிந்தபடியே 211 பெயர்களையும், கடைசியாகப் புகழேந்தியையும் வலது கட்டத்தில் வாசித்தார். முதுகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்த சத்தம் தாயில்பட்டி வரை கேட்டது; அங்கே பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டுத்தான் தங்கள் சரவெடியைப் பற்றவைத்தார்கள். தன் பெயருக்கு வந்தபோது தாளை மடித்துப் பையில் வைத்தார். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். அடுத்த வாரமும் அப்படியே விட்டார்.

விருதுநகர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். அதைக் கேள்விப்பட்ட ரீனா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து விளக்குமாறோடு அவர் வெளியே வந்தபோது சொன்னாள்: "நாலு வருசத்துல இப்பத்தான் அங்கன பெருக்கியிருக்கீக. இனிமே நான்தான் ஒங்க நடுச்செவலுக்கு வரணும் போல." நடுச்செவல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த நர்ஸ் இடம் ஒன்று இருந்தது. மார்கழியில் பெண் குழந்தை பிறந்து, சினேகா என்று பெயர் வைத்தார்கள். அவள் தவழத் தொடங்கியபோது வீட்டில் அவள் உயரத்துக்குத் தோதாக முகம் வைத்திருந்தவர் அவள் அப்பா மட்டும்தான். அவள் எழுந்து நடந்த வாரத்து வெள்ளிக்கிழமை, அவர் தன் பெயரை வாசித்து நிமிர்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் சீசன் தொடங்கும் வெள்ளியன்று மருந்து ரூம் ஆட்களின் பெயர்கள் இடது கட்டத்தில் வாசிக்கப்படுகின்றன. தீபாவளிக்கு முந்தின நாள் வலது கட்டத்தில். பட்டியலில் முதல் பெயர் முதலாளியுடையது. இதற்கென்று 2008இல் படிவத்தில் 'பணி நிமித்தம் குனிந்தோர்' என்று மூன்றாவது கட்டம் ஒன்றை அச்சடித்துத் தந்தார்கள். விளக்கம் ஏதும் கேட்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நேர அட்டவணை இன்னும் முழங்கால் உயரத்தில்தான் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். விருதுநகர் பஸ் ஐந்து நாற்பதுக்கு.